பார்க்கின்சன் நோய்: வீட்டிலும் வளாகத்திலும் நாம் செய்யக்கூடியவை

(ஏப்ரல் 11 உலக பார்க்கின்சன் தினம். அதையொட்டி நம் கிளப் ஹவுஸில் மூத்த குடிமக்கள் குழு நடத்திய மாலைக் கூட்டத்தில் பி பிளாக் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை. கூட்டத்துக்கு வர இயலாத பலர் கேட்டுக்கொண்டதால் எழுத்து வடிவில் தருகிறோம்.)



செயலாளர் சார் என்னைப் பேசச் சொன்னபோது முதலில் மறுத்துவிட்டேன். நான் டாக்டர் இல்லை. முப்பத்தொரு வருடம் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். ஆனால் என் கணவருக்குப் பார்க்கின்சன் நோய் என்று தெரிந்து ஒன்பது வருடம் ஆகிறது. இந்த ஒன்பது வருடத்தில் கற்றுக்கொண்டதை யாராவது முதல் வருடமே சொல்லியிருந்தால் எங்களுக்கு எவ்வளவோ சிரமம் குறைந்திருக்கும். அதற்காகத்தான் ஒப்புக்கொண்டேன். அவரும் இதோ முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். "என்னைப் பத்தி தாராளமா சொல்லு, ஆனா பாவமா சொல்லாதே" என்று சொல்லித்தான் அனுமதி கொடுத்தார்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். வங்கியில் இருந்தபோது, "கையெழுத்து பொருந்தவில்லை" என்று எத்தனையோ பெரியவர்களைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். விதி அப்படி. அவர்கள் மறுபடி மறுபடி போட்டுப் பார்ப்பார்கள். எழுத்து இன்னும் சின்னதாகும். வயதாகிவிட்டது என்று நினைத்துக்கொள்வேன். பிறகு ஒரு நாள் என் கணவர் போட்ட காசோலையே திரும்பி வந்தது. பழைய கையெழுத்தின் பக்கத்தில் புதியதை வைத்துப் பார்த்தால் பாதிகூட இல்லை, எறும்பு ஊர்ந்த மாதிரி இருந்தது. எழுத்து இப்படிச் சுருங்குவது இந்த நோயின் அடையாளங்களில் ஒன்று என்று நரம்பியல் மருத்துவர் சொன்னபோது, நான் திருப்பி அனுப்பிய முகங்கள்தான் முதலில் நினைவுக்கு வந்தன.

நோய் எப்படி வெளியே தெரிகிறது

மூளையில் டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் செல்கள் கொஞ்சம் கொஞ்சமாக அழிவதால் வருவது இந்த நோய். தமிழில் நடுக்குவாதம் என்கிறோம். இந்தப் பெயரே ஒரு தொல்லை. கை நடுங்கினால்தான் பார்க்கின்சன் என்று நினைத்துவிடுகிறோம். நடுக்கம் எல்லாம் பார்க்கின்சன் இல்லை. பார்க்கின்சன் உள்ள எல்லோருக்கும் நடுக்கமும் இல்லை. என் கணவருக்கு முதல் மூன்று வருடம் நடுக்கமே கிடையாது. தோள் வலி என்று தைலம் தேய்த்துக்கொண்டிருந்தோம்.

வேறு என்னவெல்லாம் தெரியும்? நடக்கும்போது ஒரு கை வீசாமல் உடம்போடு ஒட்டியிருக்கும். குரல் தாழ்ந்துபோகும். முகத்தில் பாவம் குறையும். கோபமாக இருக்கிறார் என்று நமக்குத் தோன்றும். ரசம் கொதிக்கிற வாசனை தெரியாது. மலச்சிக்கல் இருக்கும். தூக்கத்தில் கனவுக்கு ஏற்பக் கையை வீசுவார், கத்துவார். இந்தக் கடைசி மூன்றும் பல வருடங்களுக்கு முன்பே தொடங்கிவிடக்கூடும். இவற்றில் ஒன்றிருந்தாலே இந்த நோய் என்று யாரும் பயப்பட வேண்டாம். ஆனால் இரண்டு மூன்று சேர்ந்து இருந்தால் நரம்பியல் மருத்துவரைப் பார்த்துவிடுங்கள்.

1817-இல் லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் இந்த நோயைப் பற்றி முதன்முதலில் விரிவாக எழுதினார். அவர் விவரித்தது ஆறு பேரை. அதில் சிலர் அவரிடம் சிகிச்சைக்கு வந்தவர்கள் அல்ல, தெருவில் நடந்து போகும்போது அவர் கண்ணில் பட்டவர்கள். அதனால் சொல்கிறேன், தினமும் காலையில் கூட நடக்கிற நண்பர்தான் இதை முதலில் கவனிக்க முடியும். "உங்க இடது கை ஏன் வீச மாட்டேங்குது?" என்று என் கணவரிடம் கேட்டவர் டாக்டர் இல்லை, ஏ பிளாக்கில் இருக்கும் அவருடைய நடை நண்பர்.

மாத்திரையும் கடிகாரமும்

இந்த நோய்க்கு முக்கியமான மருந்து லெவோடோபா. மூளைக்குள் போய் டோபமைனாக மாறும். இதில் நம் ஊருக்கு ஒரு பங்கு உண்டு. நம் கிராமப்புற வேலிகளில் படரும் பூனைக்காலியின் விதையில் இந்த லெவோடோபா இயற்கையாகவே இருக்கிறது. அதை 1937-இல் பிரித்தெடுத்துக் காட்டியவர்கள் சென்னைப் பல்கலைக்கழக உயிர்வேதியியல் ஆய்வகத்தைச் சேர்ந்த தாமோதரனும் ராமசாமியும். அது பார்க்கின்சனுக்கு மருந்தாகும் என்று அன்று யாருக்கும் தெரியாது. 1967-இல்தான் அமெரிக்காவில் மருத்துவர் கோட்சியாஸ் அதிக அளவில் கொடுத்து நோயாளிகள் எழுந்து நடப்பதைக் காட்டினார்.

இதைக் கேட்டுவிட்டு நாளைக்கே யாரும் பூனைக்காலிப் பொடி வாங்கிவிடாதீர்கள். ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுபவர் பொடியும் சேர்த்துச் சாப்பிட்டால் எவ்வளவு மருந்து உள்ளே போகிறது என்று மருத்துவருக்கே தெரியாமல் போகும். எதுவானாலும் அவரிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

வருடங்கள் ஆக ஆக ஒரு மாத்திரையின் பலன் மூன்று, நான்கு மணி நேரம்தான் நிற்கும். பலன் இருக்கும் நேரத்தை 'ஆன்' என்றும் தீர்ந்த நேரத்தை 'ஆஃப்' என்றும் சொல்வார்கள். 'ஆன்' நேரத்தில் என் கணவர் கேரம் ஆடுவார். 'ஆஃப்' நேரத்தில் சட்டைப் பொத்தான் போட முடியாது. இரண்டையும் ஒரே நாளில் பார்ப்பவர்கள், "காலையில நல்லாத்தானே இருந்தார், இப்போ நடிக்கிறாரோ?" என்று நினைப்பதுண்டு. அது நடிப்பு இல்லை. மருந்து தீர்ந்துவிட்டது, அவ்வளவுதான்.

எங்கள் வீட்டில் காலை 6, 9.30, மதியம் 1, மாலை 4.30, இரவு 8 மணிக்கு அலாரம் அடிக்கும். ஆறு மணி மாத்திரையை ஏழுக்குக் கொடுத்தால் அன்றைய காலை முழுவதும் போய்விடும். சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால், அல்லது சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் கொடுப்பது நல்லது. புரதம் அதிகமுள்ள உணவோடு சேர்ந்தால் மருந்து சரியாக உள்ளே போகாது. அதற்காகப் பருப்பையும் பாலையும் நிறுத்த வேண்டியதில்லை. நேரத்தைத் தள்ளி வைத்தால் போதும். இரும்புச் சத்து மாத்திரை சாப்பிட்டால் அதையும் தள்ளி வையுங்கள்.

மூன்று வருடத்துக்கு முன்பு சிறுநீர்த் தொற்றுக்காக அவரை ஒரு மருத்துவமனையில் சேர்த்தோம். எந்த மருத்துவமனை என்பது முக்கியமில்லை. வழக்கப்படி எங்கள் மாத்திரைகளை வாங்கி வைத்துக்கொண்டார்கள். வார்டில் எல்லோருக்கும் கொடுக்கும் நேரத்தில்தான் இவருக்கும் கொடுத்தார்கள். ஒரு மணி மாத்திரை மூன்றரைக்கு வந்தது. அன்று மாலையே படுக்கையில் புரள முடியவில்லை. மறுநாள் வாந்திக்கு ஓர் ஊசி போட்டார்கள், உடம்பு மரக்கட்டையாகிவிட்டது. சிறுநீர்த் தொற்றுக்குப் போனவர் நடக்க முடியாமல் திரும்பி வந்தார். பழைய நிலைக்கு வர ஆறு வாரம் ஆனது.

பிறகுதான் எங்கள் நரம்பியல் மருத்துவர் விளக்கினார். மெட்டோகுளோபிரமைடு என்ற வாந்தி மருந்தும், குழப்பத்துக்குக் கொடுக்கும் ஹாலோபெரிடாலும் டோபமைனைத் தடுப்பவை. இந்த நோயாளிகளுக்கு அவற்றைத் தவிர்க்க வேண்டும். மற்ற எந்தத் துறை மருத்துவரிடம் போனாலும், "இவருக்குப் பார்க்கின்சன் இருக்கிறது" என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். மாத்திரைகளின் பெயர், அளவு, மணி, கொடுக்கக்கூடாத மருந்துகள் எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதி மருத்துவரின் கையெழுத்தோடு வைத்துக்கொள்ளுங்கள். எங்களுடையது குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒன்று, என் கைப்பையில் ஒன்று, அவர் சட்டைப் பையில் ஒன்று இருக்கிறது. இங்கிலாந்தில் 2006 முதல், மருத்துவமனைகளில் பார்க்கின்சன் மாத்திரையை நேரத்துக்குக் கொடுங்கள் என்று ஓர் இயக்கமே நடக்கிறது. அப்படியானால் நமக்கு மட்டும் நடந்த கதை இல்லை இது.

இன்னொன்று. இந்த மாத்திரையைத் திடீரென்று நிறுத்தக்கூடாது, உயிருக்கே ஆபத்தாகலாம். 2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகே கரையைக் கடந்த இரவு உங்களுக்கு நினைவிருக்கும். மின்சாரம் இல்லை, லிஃப்ட் இல்லை. எங்கள் வீட்டில் மிச்சம் இருந்தது இரண்டு மாத்திரை. என் கவனக்குறைவுதான். விடிந்தால் பக்கத்து மருந்துக் கடைகள் எல்லாம் மூடிக் கிடந்தன. டி பிளாக் தம்பி ஒருவர் விழுந்து கிடந்த மரக்கிளைகளைச் சுற்றிக்கொண்டு திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டு வரை பைக்கில் போய் வாங்கி வந்தார். அன்றிலிருந்து அக்டோபர் பிறந்தால் ஒரு மாத மாத்திரை கூடுதலாக வாங்கி வைத்துவிடுகிறேன். கடலோரத்தில் குடியிருக்கிறோம், இது எல்லோருக்கும் பொருந்தும்.

கால் தரையில் ஒட்டிக்கொள்ளும்போது

நடந்துகொண்டே இருப்பவர் திடீரென்று நின்றுவிடுவார். காலில் பசை தடவிய மாதிரி இருக்கும் என்பார் என் கணவர். வாசற்படி, லிஃப்ட் கதவு, திரும்பும் இடம், அவசரம், இவைதான் அதற்குத் தோதான இடங்கள். அப்போது கையைப் பிடித்து இழுக்காதீர்கள். மேல் உடம்பு முன்னால் வரும், கால் வராது, விழுந்துவிடுவார். "வாங்க, வாங்க" என்று அவசரப்படுத்துவதும் உதவாது. நிற்கட்டும். மூச்சு விடட்டும். உடம்பின் எடையை ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாற்றச் சொல்லுங்கள். பிறகு, "பெரிய அடியா ஒண்ணு எடுத்து வைங்க" என்று சொன்னால் போதும்.

விந்தை என்னவென்றால், சமதரையில் நின்றுவிடுபவர் படிக்கட்டில் நன்றாக ஏறுவார். மிலேஹா சோனேஜி என்ற இந்திய வடிவமைப்பாளர் தன் சித்தப்பாவிடம் இதைக் கவனித்திருக்கிறார். படிக்கட்டு மாதிரித் தோன்றும் படத்தைத் தரையில் ஒட்டினார். அதன் மேல் அவர் தடையில்லாமல் நடந்தார். தானாக நடக்கும் பழக்கத்தை மூளை இழந்திருந்தாலும், கண் முன்னால் ஒரு கோடு இருந்தால் அதைத் தாண்டத் தெரிகிறது. நாங்கள் படம் எல்லாம் வாங்கவில்லை. படுக்கையறையிலிருந்து குளியலறை வரை ஓர் அடி இடைவெளியில் மஞ்சள் டேப் ஒட்டினோம், நூற்றி இருபது ரூபாய் செலவு. வாசலில் நான் போடும் கோலத்தின் கோட்டையே அவர் முதல் அடிக்கு வைத்துக்கொள்கிறார்.

தாளமும் அப்படித்தான். மாலையில் அவர் நடக்கும்போது நான் ஆதி தாளத்தை வாயால் எண்ணுவேன். எண்ணிக்கைக்குக் கால் கட்டுப்படுகிறது. இதற்குச் சங்கீதம் தெரிய வேண்டும் என்றில்லை. "ஒண்ணு, ரெண்டு" போதும். குரலுக்கும் பயிற்சி வேண்டும். தினமும் நாளிதழின் முதல் பக்கத்தை அடுத்த அறைக்குக் கேட்கும்படி சத்தமாக வாசிக்கச் சொல்கிறேன்.

உடற்பயிற்சியை மருந்துக்குச் சமமாக நினையுங்கள். 2012-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், வாரம் இரண்டு முறை வீதம் ஆறு மாதம் தாய்ச்சி பயிற்சி செய்தவர்களுக்குச் சமநிலை மேம்பட்டது, விழுவது குறைந்தது. நடனம், யோகா, நடை, எதுவாகவும் இருக்கலாம். தொடர்ந்து செய்ய வேண்டும். பக்கத்தில் ஒருவர் இருக்க வேண்டும்.

வீட்டில் செய்ய வேண்டியவை சின்ன வேலைகள்தான். மிதியடிகளை எடுத்துவிடுங்கள். கழிப்பறையிலும் கட்டில் ஓரத்திலும் கைப்பிடி வையுங்கள். இரவு விளக்கு எரியட்டும். தரை துடைத்த ஈரம் காயும் வரை அவரை உட்கார வையுங்கள். படுக்கையிலிருந்து எழுந்தால் ஒரு நிமிடம் உட்கார்ந்துவிட்டு நிற்கச் சொல்லுங்கள். இரத்த அழுத்தம் சட்டென்று இறங்கித் தலை சுற்றும். நம் ஊர் வெயிலில் தண்ணீர் குறைந்தால் இது இன்னும் மோசமாகும்.

அவர் ஏன் கீழே வருவதை நிறுத்தினார்

இனி சொல்லப்போவது நம் வளாகத்தைப் பற்றியது. யாரையும் குறை சொல்வதற்காக இல்லை.

ஒரு நாள் மாலை அவர் தனியாகக் கடைக்குப் போய்த் திரும்பியபோது மெயின் கேட்டில் கால் ஒட்டிக்கொண்டது. பேச்சும் குழறியது. அன்று புதிதாக வந்திருந்த காவலாளி அவர் குடித்திருக்கிறார் என்று நினைத்து ஓரமாக உட்கார வைத்துவிட்டார். உள்ளே வந்த சிலரும் பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். இருபது நிமிடம். அதற்குச் சில நாள் கழித்து லிஃப்ட் கதவு அவர் தோளில் இடித்தது. உள்ளே இருந்தவர் சலித்துக்கொண்டார்.

அதோடு அவர் கீழே வருவதை நிறுத்திவிட்டார், நான்கு மாதம். அந்த நான்கு மாதத்தில் நோய் முற்றியதைவிட, வெட்கம் அவரை முடக்கியதுதான் அதிகம். நடை போனது, குரல் போனது, யாரிடமும் பேசவில்லை. மனச்சோர்வும் இந்த நோயின் ஒரு பகுதி; அதற்கும் சிகிச்சை உண்டு என்று மருத்துவர் சொன்ன பிறகுதான் எனக்குப் புரிந்தது.

திரும்ப அவரைக் கீழே கொண்டுவந்தது மாத்திரை மட்டும் இல்லை. பழைய நடை நண்பர் மாலை ஐந்தரைக்கு, மாத்திரை வேலை செய்யும் நேரமாகப் பார்த்து, வீட்டுக்கே வந்து அழைத்துப் போனார். அதே காவலாளி, விஷயம் தெரிந்ததும், அவர் கேட்டைத் தாண்டும்போது "ஒண்ணு, ரெண்டு சார்" என்று எண்ணத் தொடங்கினார். இன்று வரை எண்ணுகிறார்.

அதனால் நிர்வாகக் குழுவிடம் நான்கு கோரிக்கைகள் வைக்கிறேன். லிஃப்ட் கதவு மூடும் நேரத்தைச் சில வினாடிகள் கூட்டுங்கள். கேட்டிலிருந்து ஒவ்வொரு பிளாக் வாசல் வரையிலும், சரிவுப் பாதையிலும், கைப்பிடிக் கம்பியும் தரையில் கோடும் வேண்டும். புதிய காவலாளிகளுக்குப் பத்து நிமிடம் இதைப் பற்றிச் சொல்லிக் கொடுங்கள். விருப்பப்படும் வீடுகளிடம் மட்டும் விவரம் வாங்கி, லிஃப்ட் நின்றால் யார் வீட்டுக்கு முதலில் போக வேண்டும் என்று ஒரு பட்டியல் வைத்துக்கொள்ளுங்கள். புயல் காலத்தில் அது மிகவும் பயன்படும்.

எங்கே உதவி கிடைக்கும்

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிட்ட 21 வகைகளில் பார்க்கின்சனும் ஒன்று. அரசு மருத்துவக் குழுவின் மதிப்பீட்டுக்குப் பிறகு தனித்துவ அடையாள அட்டை பெறலாம். தமிழ்நாடு அரசின் பராமரிப்பு உதவித்தொகைத் திட்டத்திலும் இந்த நோய் இருக்கிறது. 2023 முதல் மாதம் 2,000 ரூபாய். தகுதி விவரங்களைச் செங்கல்பட்டில் உள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்கள். பழைய வருமான வரி முறையில் இருப்பவர்களுக்குச் சிகிச்சைச் செலவுக்கு விலக்கு உண்டு. ஊனம் 40 சதவீதம் அல்லது அதற்கு மேல் என்று சான்று வேண்டும்.

2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை தருகிறார்கள். அது கிராமத்துக்கு மட்டும் என்று நினைத்திருந்தேன், அப்படி இல்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள். ஈசிஆரில் முட்டுக்காட்டில் பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது. அங்கே இயன்முறை, பேச்சுப் பயிற்சி நிபுணர்கள் இருக்கிறார்கள். தொலைபேசியில் கேட்டுக்கொண்டு போங்கள்.

வங்கி விஷயத்தை நான் சொல்லாமல் இருக்கக்கூடாது. கையெழுத்து மாறினால் மறைக்காமல் கிளைக்குப் போய்ப் புதிய மாதிரிக் கையெழுத்தைக் கொடுங்கள். கையெழுத்தே போட முடியாத நிலை வந்தால், வங்கிக்குத் தெரிந்த இரண்டு சாட்சிகள் முன்னிலையில் கட்டைவிரல் ரேகை வைக்கலாம். அதில் ஒருவர் வங்கி அதிகாரியாக இருக்க வேண்டும். 70 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு வீட்டுக்கே வந்து சேவை தர ரிசர்வ் வங்கி 2017-இலேயே சொல்லியிருக்கிறது. கேளுங்கள். கேட்டால்தான் தருவார்கள், நான் அந்தப் பக்கம் உட்கார்ந்தவள், எனக்குத் தெரியும்.

கவனித்துக்கொள்பவர்களுக்கு

கடைசியாக, என்னைப் போன்றவர்களுக்கு. இரவில் மூன்று முறை எழுந்தால் பகலில் கோபம் வரும். நான் கத்தியிருக்கிறேன், பிறகு சமையலறையில் நின்று அழுதும் இருக்கிறேன். அவர் திடீரென்று அளவில்லாமல் பொருள் வாங்கினாலோ, சூதாட்டச் செயலிகளில் பணம் கட்டினாலோ, இல்லாத ஆட்களைப் பார்த்தாலோ சண்டை போடாதீர்கள். சில மருந்துகளால் அப்படி ஆகலாம். வெட்கப்படாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள், மாற்றித் தருவார்.

அக்கம்பக்கத்தினருக்கு ஒரு வேண்டுகோள். "ஏதாவது உதவி வேணும்னா சொல்லுங்க" என்று எல்லோரும் அன்பாகத்தான் சொல்கிறீர்கள். ஆனால் எங்களுக்குக் கேட்கக் கூச்சமாக இருக்கும். அதற்குப் பதிலாக, "வியாழக்கிழமை நாலரையிலேர்ந்து ஆறரை வரைக்கும் நான் வந்து சார்கூட உட்கார்ந்திருக்கேன், நீங்க வெளியில போயிட்டு வாங்க" என்று சொல்லிப் பாருங்கள். என் எதிர்வீட்டு மாமி அப்படித்தான் சொன்னார். அந்த இரண்டு மணி நேரத்தில் நான் பெரிதாக ஒன்றும் செய்வதில்லை. காய்கறி வாங்கிவிட்டுக் கடற்கரையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வருவேன். ஆனால் அடுத்த வியாழன் வரை அது தாங்கும்.

அவர் பேசும்போது வாக்கியத்தை நீங்கள் முடித்து வைக்காதீர்கள். பதில் வரக் கொஞ்சம் நேரமாகும், வரும். இப்போதுகூட ஏதோ சொல்ல வருகிறார் போலிருக்கிறது. மணி ஏழே முக்கால் ஆகிவிட்டது. எட்டு மணி மாத்திரைக்கு நாங்கள் மேலே போக வேண்டும். அதற்கு முன்னால் மைக்கை அவரிடம் கொடுக்கிறேன். எல்லோரும் கொஞ்சம் பொறுமையாக இருங்கள்.